கை ஓங்கினால் நிற்கும் தறிகள்

காவிரிக்கு இக்கரையில், பாலத்தை ஒட்டிய விசைத்தறி ஊர் ஒன்றில், சுண்ணாம்போடைத் தெரு என்று ஒரு தெரு இருக்கிறது. அந்தத் தெருவில் மாதேஸ்வரன் தன் பெண்டாட்டி கோகிலவாணியின் மேல் கை ஓங்கிய ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், ஓடிக்கொண்டிருந்த அத்தனை தறிகளும் ஒரே நொடியில் நின்றுபோயின. கரண்ட் போகவில்லை. பட்டறைகளில் விளக்கு எரிந்தது, டீக்கடையில் ரேடியோ பாடியது, மாவு மில் அதுபாட்டுக்கு அரைத்துக்கொண்டிருந்தது. தறி மட்டும், ஊடை நூலை இழுத்து ஓடிய நாடாக்கட்டை பாவு நூல்களுக்கு நடுவே பாதி வழியில் கிடக்க, அசையவில்லை.

அந்தத் தெருவின் பிள்ளைகளுக்குத் தாலாட்டு வேண்டியதில்லை. தறிச் சத்தத்தில் தூங்குவார்கள், சத்தம் நின்றால் விழித்துக்கொள்வார்கள், பெரியவர்களும் அப்படித்தான். ஆகவே இரவு ஷிப்ட் முடித்துப் படுத்திருந்தவர்கள் உட்பட எல்லாரும் எழுந்து வெளியே வந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, பிறகு தறி நின்றால் அங்கே எதைச் செய்வார்களோ அதைச் செய்தார்கள், அதாவது ஃபிட்டரைக் கூப்பிடப் போனார்கள். தெருவுக்கு ஒரே ஃபிட்டர் மாதேஸ்வரன்தான். கதவைத் தட்டினார்கள். அவன் ஓங்கிய கையை இறக்கி, சட்டையை மாட்டி, ஸ்பேனர் பையைத் தூக்கிக்கொண்டு வந்து, முதல் பட்டறைக்குள் நுழைந்து முதல் தறியில் கை வைத்ததும் தெரு முழுக்கத் தறிகள் ஓடத் தொடங்கின. என்ன கோளாறு என்று அவனுக்கும் தெரியவில்லை. ஆனால் தெரிந்த மாதிரி தலையை ஆட்டிவிட்டு டீ குடித்தான்.

அந்த வாரத்திலேயே இன்னொரு முறை நின்றன, அடுத்த வாரம் மறுபடியும் நின்றன, ஒவ்வொரு முறையும் மாதேஸ்வரனைக் கூப்பிட்டார்கள், ஒவ்வொரு முறையும் அவன் கை வைத்ததும் ஓடின. கைராசிக்காரன் என்று பேர் வந்தது. பக்கத்து ஊர்ப் பட்டறைகளிலிருந்து வண்டி அனுப்பி அழைத்துப் போனார்கள். தெருவில் பாதித் தறிகளுக்குச் சொந்தக்காரரான அத்தியப்பன், தன் நாற்காலிக்குப் பக்கத்தில் அவனுக்கும் ஒரு நாற்காலி போட்டார். தறி நிற்பதற்குத் தெரு பழகிக்கொண்டது. டீக்கடைக்காரர் சத்தம் நின்றதுமே பெரிய பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினார். பால்வாடி டீச்சர் அதையே இன்டர்வெல் என்று வைத்துக்கொண்டார். காது கேளாத ஒருவர் மட்டும், தரை அதிரவில்லையே என்று செருப்பைக் கழற்றிக் காலால் தடவிப் பார்த்தார். எலுமிச்சம்பழம் கட்டினார்கள், டிரான்ஸ்ஃபார்மரைக் குறை சொன்னார்கள், ஆற்றில் போன யாரோ ஒருவனின் ஆவி என்றார்கள். அதிசயம் ஒரு மாதத்தைத் தாண்டிவிட்டால் அதற்குப் பெயர் தொந்தரவு என்பதால், பிறகு எல்லாரும் சலித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

கூப்பிட வருகிறவர்களுக்கு ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்தவள் கோகிலவாணி. சேலைத் தலைப்பால் மூக்கையும் கன்னத்தையும் மூடிக்கொண்டு திறப்பாள். பஞ்சுத் தூசிக்காக அந்தத் தெருப் பெண்கள் எல்லாருமே அப்படி மூடிக்கொள்வதால் யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை, வித்தியாசமாகப் பார்க்கவும் யாருக்கும் நேரமில்லை.

லைன் வீட்டில் அவளுக்குப் பொதுச்சுவர்க்காரி மெகருன்னிசா. வீட்டிலேயே தார் சுற்றும், அதாவது நாடாவுக்குள் வைக்கிற குச்சியில் நூல் சுற்றும், மெஷின் வைத்திருக்கிறவள், நாக்கும் கையும் ஒரே வேகத்தில் ஓடும். தறி நின்றாலும் அவள் மெஷின் நிற்காது. அன்றொரு நாள் தறிகள் நின்ற நேரத்தில் என்னவோ தோன்றி அதை அவளே அணைத்தாள். அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கோகிலவாணியின் மகள் மிதுனாவின் குரல் கேட்டது. மூன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை, அழாமல், நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

“அப்பா, தறி நின்னுருச்சுப்பா. உங்களக் கூப்புட வந்துருவாங்க, கைய எறக்குங்கப்பா.”

மெகருன்னிசா வெளியே போய், ஃபிட்டரைக் கூப்பிட வந்த முதல் ஆளிடம் விஷயத்தைச் சொன்னாள். சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்தது. முந்தைய முறைகளை எல்லாரும் நினைத்துப் பார்த்துப் பொருத்திக்கொண்டார்கள், எல்லாமே சரியாகப் பொருந்தியது, பிறகு ஆண்கள் அத்தியப்பன் பட்டறையில் கூடி இதற்கு ஒரு வழி பண்ண உட்கார்ந்தார்கள்.

அங்கே பேசியதை நினைத்தால் எனக்கு இன்னமும் வயிறு எரிகிறது. அடிப்பது அவன் வீட்டு விஷயம், தறி நிற்பது நம் விஷயம் என்று ஒருவர் ஆரம்பித்தார். குடும்பத்தையே காலி பண்ணச் சொல்லிவிடலாம் என்றார் ஒருவர். அப்புறம் ஃபிட்டருக்கு எங்கே போவது என்றார் இன்னொருவர். கடைசியில் அத்தியப்பன், மாதேஸ்வரனை வரவழைத்து உட்காரவைத்து, போண்டாத் தட்டை அவன் பக்கம் நகர்த்திவிட்டு, பெரிய மனுஷத் தோரணையில் தீர்ப்புச் சொன்னார்.

“மாதேசா, உன்ற ஊட்டு விசயத்துல நாங்க தலையிடல. ஷிப்ட் நேரத்துல மட்டும் வேண்டாம். ஞாயித்துக்கெழம தறிக்கு லீவுதான?”

மாதேஸ்வரன் கைகூப்பி, சரிங்ண்ணா என்றான். இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் கெட்டவர்கள் அல்ல என்று எழுத எனக்கும் ஆசைதான், கை வரமாட்டேன் என்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தெருவில் எல்லா வீட்டிலும் டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டார்கள். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில், தார் சுற்றுகிறவர்களும் தறி ஓட்டுகிறவர்களுமாகப் பெண்கள் எல்லாரும் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு அத்தியப்பன் வீட்டு முன்னால் வந்து நின்றார்கள். இனி ஞாயிற்றுக்கிழமையும் தறி ஓட்டப்போகிறோம், கூலி வேண்டாம், சாவி மட்டும் கொடுங்கள் என்றாள் மெகருன்னிசா. உள்ளேயிருந்து அத்தியப்பனின் மனைவியே சாவிக்கொத்தை எடுத்து வந்து கொடுத்தாள். அன்று மத்தியானம் தறிகள் நின்றன. பெண்கள் அப்படியே கிளம்பி, தலையில் பஞ்சு ஒட்டியிருக்க, மாதேஸ்வரன் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அவன் சிரித்தான். தறி நின்னுருச்சுங்களாக்கா என்று கேட்டபடி ஸ்பேனர் பையை எடுத்துக்கொண்டு அவர்களுக்கு முன்னால் நடந்தான்.

அதற்குப் பிறகு தறிகள் நிற்கவில்லை. மாதக்கணக்காக நிற்கவில்லை, திங்களும் ஓடின, ஞாயிறும் ஓடின, ஆடி போய் ஆவணி வந்தும் ஓடின. தறி நன்றாக இருக்கிறதா என்று காதை வைத்துக் கேட்டே முடிவுசெய்கிற ஊர் அது. சத்தம் சீராக இருந்தால் எல்லாம் சீராக இருக்கிறது என்றே அவர்கள் தலைமுறையாக நம்பி வந்திருக்கிறார்கள், அந்த நம்பிக்கையை ஒரு வீட்டுக்கும் அப்படியே எடுத்து வைத்துக்கொண்டார்கள். மாதேசன் திருந்திவிட்டான் என்றார்கள். கோயில் நோம்பித் திருவிழாவில் அத்தியப்பன் அவனுக்குத் துண்டு போர்த்தினார், கோகிலவாணிக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்று பெண்களே சொன்னார்கள், மெகருன்னிசாவும் நிம்மதியாகத் தன் மெஷினை ஓட்டினாள்.

மாதேஸ்வரன் கையை ஓங்குவதைத்தான் விட்டிருந்தான். கையைத் தோளுக்கு மேல் தூக்காமலேயே முறுக்க முடியும், கிள்ள முடியும், கழுத்தைப் பிடிக்க முடியும் என்று கண்டுபிடித்துக்கொண்டான். அவள் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டான். அசலூர் வேலைக்குப் போகும்போது அவளை உள்ளே வைத்துப் பூட்டினான். சில சாயங்காலங்களில் கேஸ் அடுப்புப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தீப்பெட்டியை விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டு, பாலத்தைத் தாண்டி ஒரு அடி வைத்தால் அவளுக்கும் மிதுனாவுக்கும் என்ன நடக்கும் என்பதை மெல்லிய குரலில், கதை சொல்கிற மாதிரி, சொன்னான். மெல்லிய குரலுக்குத் தறிகள் நிற்கவில்லை. அவளும் முதலில் அவற்றைத்தான் நம்பிக் காத்திருந்தாள், இன்றைக்கு நிற்கும், நாளைக்கு நிற்கும் என்று. பிறகு ஒரு நாள், அவன் விரல் அழுத்திய கழுத்தோடு தண்ணீர்க் குழாயடிக்கு வந்தவள், தலைப்பால் வாயை மூடிக்கொண்டு மெகருன்னிசாவிடம் சொன்னாள்.

“அக்கா, தறி ஓடுதுன்னு நெனச்சுட்டு நீங்க பாட்டுக்கு இருந்துராதீங்க.”

மெகருன்னிசா அவள் தலைப்பைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தாள். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, அதை இருவரும் கவனிக்கவில்லை.

மறுநாள், மாதேஸ்வரன் தெருக்கோடியில் ஒரு தறியைப் பிரித்துப் போட்டிருந்த நேரத்தில், மெகருன்னிசாவின் போனிலிருந்து மகளிர் உதவி எண்ணான நூற்று எண்பத்தொன்றுக்குப் பேசினார்கள். அங்கிருந்து மாவட்ட மையத்தில் வேலை பார்க்கும் அமலோற்பவம் என்கிற ஆலோசகரின் இணைப்பு கிடைத்தது. கோகிலவாணி தறிகள் நிற்பதைப் பற்றிச் சொன்னபோது அந்தம்மா ஆச்சரியப்படவில்லை. ஒரு ஊரில் இதே மாதிரி ஒரு வீட்டுக் கிணறு தளும்பும், இன்னோர் ஊரில் தெருக் கோழி எல்லாம் அந்த வீட்டுக் கூரையில் ஏறிக்கொள்ளும், அது பாட்டுக்கு நடக்கட்டும் என்றார். பிறகு அமைதியாகக் கேட்டார்: வீட்டுக்கு எத்தனை வாசல், எந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் வெளியே இருக்கிறது, அவன் குரல் மாறினால் சமையல்கட்டிலும் குளியலறையிலும் நிற்காமல் வாசல் பக்கம் வந்துவிட முடியுமா, நடுவில் வந்து தடுக்கக் கூடாது, ஓடிவிட வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறதா, அது ஓடிப் போய் யார் வீட்டுக் கதவைத் தட்டும். ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்லச் சொல்லத் தன் வீட்டை அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிற மாதிரி இருந்தது கோகிலவாணிக்கு. கடைசியில் அமலோற்பவம் சொன்னார்.

“நீங்க கெளம்புற நாள்தாம்மா இருக்கறதுலயே ஆபத்தான நாள். அன்னைக்கு அவருக்கு வாசன கூடத் தெரியக் கூடாது. அதிசயம் நடந்தா நடக்கட்டும், அத நம்பித் திட்டம் போட முடியாது. மனுசங்கள வெச்சுப் போடுவோம்.”

எழுதி வைக்கவில்லை, வைத்தால் அவன் எடுத்துவிடுவான். ஆகவே திட்டம் தெருப் பெண்களின் தலைகளில் துண்டு துண்டாகத் தங்கியது. தறிக்காரர்கள் சத்தத்துக்கு நடுவே ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்தே பேசிக்கொள்கிறவர்கள், மாதேஸ்வரனுக்கும் அது அத்துப்படி. அதனால் அந்தப் பேச்சு எழும்போதெல்லாம் பெண்கள் மூக்கோடு சேர்த்து வாயையும் மூடிக்கொண்டார்கள், இந்த வருஷம் பஞ்சு ரொம்பப் பறக்கிறது என்று ஆண்கள் சொல்லிக்கொண்டார்கள். கோகிலவாணியின் ஆதாரும் மிதுனாவின் பிறப்புச் சான்றிதழும் தார்க்கூடையின் அடியில் ஒவ்வொன்றாகச் சுவர் தாண்டிப் போய், ஜெராக்ஸ் எடுக்கப்பட்டுத் திரும்பி வந்து இருந்த இடத்திலேயே உட்கார்ந்தன. மாற்றுத் துணி ஒரு ஜோடி மெகருன்னிசாவின் கொடியில் அவள் துணிகளோடு காய்ந்து, அங்கேயே மடித்து வைக்கப்பட்டது. சிவப்பு வாளி வாசலில் கவிழ்ந்து கிடந்தால் கேள்வி கேட்காமல் போலீஸுக்கு அடிப்பது என்று எதிர் வீட்டுக்காரி பொறுப்பெடுத்தாள். மெகருன்னிசாவின் தம்பி ஆட்டோவோடு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நிற்பான். பள்ளிக்கூடத்தில் டீச்சருக்குச் சொல்லியாயிற்று. ஒருத்திக்குத் தெரிந்தது இன்னொருத்திக்குத் தெரியாது, எல்லாம் தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

ஒன்று மட்டும் இடித்தது. தூரம் போனால் வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறவன், தெருவுக்குள்ளேயே தறி நின்று யாராவது வாசலில் வந்து நின்று கூப்பிட்டால் பூட்டாமல் போவான். நாலு பேர் பார்க்கப் பெண்டாட்டியை வைத்துப் பூட்ட அவனுக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. ஆக, குறித்த நாளில், குறித்த நேரத்தில் தறி நிற்க வேண்டும். தறி நிற்க அவன் கை ஓங்க வேண்டும். நான் வேணும்னா வாய் குடுத்து ஓங்க வெக்கறேனுங்க்கா என்றாள் கோகிலவாணி, அது பெரிய விஷயமே இல்லை என்பது போல. மெகருன்னிசாவுக்குக் கண் கலங்கிக் கோபம் வந்தது.

“எதுக்குடி? தறிய நிறுத்த நமக்குக் கையில்லையா?”

ஒரு வியாழக்கிழமை, பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடித்த பிறகு, தெருக்கோடிப் பட்டறையில் ஒருத்தி பாவு இழைகளைக் கொத்தாக அறுத்தாள். இன்னொருத்தி பெல்ட்டைத் தளர்த்தினாள். மூன்றாவது ஒருத்தி ஒரு நட்டைக் கழற்றி இடுப்பில் செருகும்போது அத்தியப்பன் உள்ளே வந்துவிட்டார். அவர் அவள் இடுப்பைப் பார்த்தார், நின்ற தறியைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டு நிற்கும் பெண்களைப் பார்த்தார். பட்டறையில் அதுவரை அவர் சத்தம் போடாத நாளே இல்லை. அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தானே நடந்து போய் மாதேஸ்வரன் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டு, அவன் செருப்பு மாட்டும்வரை காத்திருந்து, தோளில் கை போட்டு அழைத்து வந்தார். கதவு திறந்தே கிடந்தது.

அவன் ஒரு தறியைச் சரிசெய்து எழுந்தால் அடுத்தது நின்றது, அதற்குக் குனிந்தால் பக்கத்துப் பட்டறையிலிருந்து ஆள் வந்தது. தறியில் கை வைத்தான், ஓடவில்லை. காதை வைத்துக் கேட்டான், ஒன்றும் பிடிபடவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, சுற்றி இருந்தவர்களின் முகத்தைப் பார்த்தான்; வாய்கள் எல்லாம் தலைப்புக்குள் இருந்தன. அதே நேரத்தில் கோகிலவாணி இடுப்பில் தார்க்கூடையோடு, தினமும் போகிற நடையில், ஓடாமல், தெருவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். கூடையைக் கோணவிடவில்லை. வகுப்பிலிருந்து வந்த மிதுனா, எங்கே போகிறோம் என்று கேட்கவில்லை, பையை மட்டும் எடுத்துட்டு வரட்டுமா என்று கேட்டாள். ஆட்டோ பாலத்தில் ஏறியபோது கீழே ஆறு நிறையத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ஒரு அடி வைத்தால் நடக்கும் என்று அவன் சொன்னது எதுவும் நடக்கவில்லை, அக்கரையில் இளநீர் விற்றுக்கொண்டிருந்தார்கள், மாவட்ட மைய வாசலில் அமலோற்பவம் ஒரு பெண் போலீஸோடு நின்றுகொண்டிருந்தார்.

மத்தியானம் வீட்டுக்கு வந்த மாதேஸ்வரன், அறைக்குள் போய், வெளியே வந்து, மறுபடி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, நேராக மெகருன்னிசாவின் வாசலுக்கு வந்து, எங்கடி அவ என்று கை ஓங்கினான். யாரும் தொடாமல், தெருவின் கடைசித் தறி வரைக்கும் எல்லாம் நின்றன. டீக்கடைக்காரர் பாத்திரத்தை ஏற்றவில்லை. எல்லாரும் வெளியே வந்தார்கள், பாதித் தூக்கத்தில் இருந்தவர்களும் வந்தார்கள், ஃபிட்டரைக் கூப்பிடத்தான் யாரும் வரவில்லை. கூட்டத்துக்கு முன்னால் அத்தியப்பன் வந்து நின்றார்.

“கைய எறக்குடா.”

அவன் இறக்கினான். போலீஸ் வந்தது, வழக்கு நடந்தது, அவளையும் பிள்ளையையும் நெருங்கக் கூடாது என்று கோர்ட்டு உத்தரவு போட்டது; அவன் வேறெங்கோ தறி பார்க்கிறான் என்று கேள்வி. சுண்ணாம்போடைத் தெருவுக்கு இப்போது ஒரு புது ஃபிட்டர் வருகிறான், மெதுவாகத்தான் வேலை செய்வான், யாரும் குறை சொல்வதில்லை. எந்தக் கைக்கு நிற்கும் என்று தறிகள் இன்னும் சொல்லிவிடவில்லை என்பதால், அந்தத் தெரு ஆண்கள் பிறகு ரொம்ப நாளைக்குக் கொசு அடிக்கக்கூட யோசித்தார்கள், பஸ்ஸை நிறுத்தக் கை நீட்டுகிறவர்கூட இடுப்பளவுக்குத்தான் நீட்டினார்.

கோகிலவாணி வேறொரு ஊரில், பெண்கள் தங்கும் ஒரு விடுதியில் இருந்தாள். அங்கே சமையல் முறை வைத்துச் செய்வார்கள். அவள் முறை வந்த முதல் நாள் சாம்பார் வைத்தாள், எல்லாரும் வரிசையாக உட்கார்ந்தார்கள், ஒரு வாய் அள்ளிப் போட்ட நடுவயதுப் பெண் ஒருத்தி, “உப்புக் கரிக்குதே” என்றாள்.

கோகிலவாணியின் கையிலிருந்த கரண்டி நழுவியது. இடது கை அவளைக் கேட்காமலேயே எழும்பித் தலையை மறைத்துக்கொண்டது. கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அந்தப் பெண் மட்டும் எழுந்து வந்து, விழுந்த கரண்டியை எடுத்துத் துடைத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, மோர் ஊத்திப் பெசஞ்சாச் சரியாப் போயிரும் கண்ணு, இன்னொரு கை சோறு போடு என்று தட்டை நீட்டினாள். அவள் போட்டாள். பிறகு வேறு யாரோ அப்பளத்தைக் கடிக்கிற சத்தம் கேட்டது, பேச்சு மறுபடி ஆரம்பித்தது, யாரோ எதற்கோ சிரித்தார்கள். கரண்டி விழுந்த சத்தத்துக்கே எழுந்து வாசல்படி வரைக்கும் ஓடியிருந்த மிதுனா, அங்கிருந்தே அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, திரும்பி வந்து, விட்ட இடத்தில் உட்கார்ந்து, தனக்கும் ஒரு அப்பளம் வேண்டும் என்றாள்.